அப்பம் மறைந்தது, சிலுவை எஞ்சியது: 1958ஆம் ஆண்டின் ‘டிராகுலா’



ஒக்டோபர் மாதம் முடியும் நாள்களில் இங்கிலாந்தின் கடைவீதிகளில் கறுப்பு மேலங்கிகளும் பிளாஸ்டிக் கோரைப்பற்களும் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றைக் கண்ட பங்கு இளையோர் சிலர், பூசை முடிந்தபின் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: “ஃபாதர், டிராகுலா ஏன் சிலுவைக்குப் பயப்படுகிறான்?” விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அதற்கு விடை தேடினால், இந்த நாட்டின் சமய வரலாற்றுக்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. அன்று நின்றபடியே சொல்லி முடிக்க இயலாமற்போனதை இங்கே எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு, பொறுமையுடன் வாசியுங்கள்.

டிராகுலாவைப் பற்றிப் பல திரைப்படங்கள் உண்டு. நான் எடுத்துக்கொள்வது ஹாமர் நிறுவனம் தயாரித்து 1958 மே 22 அன்று இலண்டன் ஹேமார்க்கெட் திரையரங்கில் வெளியான படம். அதற்கு முந்திய ஆண்டில் ‘ஃபிராங்கன்ஸ்டைனின் சாபம்’ என்ற வண்ணப்படத்தால் பெருவெற்றி கண்டிருந்த அச்சிறு நிறுவனம், அதே இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷரையும், அதே கதாசிரியர் ஜிம்மி சாங்ஸ்டரையும், அதே இரு நடிகர்களையும் வைத்து இதனையும் உருவாக்கியது. தேம்ஸ் ஆற்றங்கரையில் பிரே என்னும் ஊரருகே பழைய மாளிகை ஒன்றையே படப்பிடிப்பு நிலையமாக மாற்றியிருந்தார்கள். 1957 நவம்பர், டிசம்பர் மாதங்களில் படப்பிடிப்பு முடிந்தது. செலவு ஏறத்தாழ 81,000 பவுண். படத்தின் நீளம் 82 நிமிடம் மட்டுமே. தணிக்கைச் சபை 16 வயதுக்குக் குறைந்தோர் பார்க்கக் கூடாதென ‘எக்ஸ்’ சான்றிதழ் வழங்கியது.

டிராகுலாவாக நடித்தவர் கிறிஸ்தோபர் லீ. அவனை வேட்டையாடும் வைத்தியர் வான் ஹெல்சிங்காக நடித்தவர் பீற்றர் குஷிங். லீ தொடக்கக் காட்சிகளில் மட்டும் பண்புள்ள பிரபுவைப் போல் சில வசனங்கள் பேசுகிறார். அதன்பின் படம் முடியும்வரை ஒரு சொல்லும் பேசுவதில்லை. 1931இல் ஹொலிவூட்டில் பேலா லுகோசி நடித்த படம் கறுப்பு வெள்ளை. அங்கே இரத்தம் என்பது சொல்லப்படும் செய்தி. இங்கோ படத்தின் பெயர்க் காட்சியிலேயே, கல்லறைப் பெட்டியில் பொறித்த ‘டிராகுலா’ என்ற பெயரின் மேல் செந்நிறத் துளிகள் விழுகின்றன. இசையமைத்த ஜேம்ஸ் பெர்னாட், ‘டிராகுலா’ என்ற பெயரின் மூன்று அசைகளுக்கும் ஏற்ப மூன்று சுரங்களை அமைத்து, பெயரையே இசையாக முழங்கச் செய்தார். (தமிழில் இவனை ‘இரத்தக்காட்டேரி’ என்கிறோம். நம் கிராமத்துக் காட்டேரிக்கும் இவனுக்கும் உறவேதுமில்லை. சொல் மட்டுமே இரவல்.)

இனி மூலநூலுக்குச் செல்வோம். ‘டிராகுலா’ நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர், 1847இல் டப்ளின் நகரை அடுத்த குளொன்டார்ஃப்பில் பிறந்தவர். ஏழு வயதுவரை நோயுற்றுப் படுக்கையில் கிடந்த பிள்ளை. அவருடைய தாய் ஷார்லட், 1832இல் ஸ்லைகோ நகரைச் சூறையாடிய வாந்திபேதிக் கொள்ளைநோயில் உயிர் தப்பியவர். உயிர் முற்றாகப் பிரியுமுன்னே புதைகுழிக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களைப் பற்றிய கதைகளை அவர் மகனுக்குச் சொல்லியிருக்கிறார். நாவலின் கைப்பிரதிக்கு ஸ்டோக்கர் முதலில் இட்ட தலைப்பு ‘சாகாப் பிணம்’ என்னும் பொருள்பட அமைந்திருந்ததை நினைக்கும்போது, அந்தப் பிள்ளையின் படுக்கையருகே கேட்ட குரல் நமக்கும் கேட்கிறது.

அவருடைய குடும்பம் அயர்லாந்துத் திருச்சபை எனப்படும் ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த புரட்டஸ்தாந்துக் குடும்பம். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த நாட்டில், சிறுபான்மையினரின் திருச்சபையே அரச திருச்சபையாக விளங்கியது. அந்த உரிமையை நீக்கும் சட்டம் 1869இல் நிறைவேறியபோது ஸ்டோக்கர் டப்ளின் திரித்துவக் கல்லூரியின் மாணவர். பின்னர் அவர் இலண்டனுக்கு வந்து, புகழ்பெற்ற நடிகர் ஹென்றி இர்விங்கின் லைசியம் நாடக அரங்கில் நிருவாகியாகப் பணியாற்றினார். 1890இல் விற்பி என்னும் கடற்கரை நகரில் விடுமுறையைக் கழித்தபோது, அங்குள்ள நூலகத்தில் வலாக்கியா நாட்டைப் பற்றிய நூலொன்றில் ‘டிராகுலா’ என்ற பெயரைக் கண்டெடுத்தார். நாவல் 1897 மே மாதம் வெளிவந்தது.

அந்த நாவலில் சிலுவை முதன்முதலில் தோன்றும் இடத்தைக் கூர்ந்து நோக்குங்கள். ஜோனதன் ஹார்க்கர் என்னும் இளம் ஆங்கிலச் சட்டத்தரணி, டிராகுலாவின் கோட்டைக்குப் புறப்படுகிறான். அது புனித ஜோர்ஜியார் திருநாளின் முந்திய நாள். சத்திரத்து மூதாட்டி முழந்தாளிட்டுக் கெஞ்சுகிறாள்; தன் கழுத்தில் கிடந்த பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றி அவனிடம் நீட்டுகிறாள். அவனுக்குத் தருமசங்கடம். ஆங்கிலத் திருச்சபையில் வளர்ந்தவன்; இத்தகைய பொருள்கள் ஓரளவு விக்கிரக வழிபாட்டைச் சேர்ந்தவை என்று படித்தவன். ஆனால் மூதாட்டியின் அன்பைத் தட்ட மனமில்லை. பெற்றுக்கொள்கிறான். சில நாள்கள் கழித்து, முகச்சவரம் செய்கையில் கத்தி பட்டுக் கசிந்த இரத்தத்தைக் கண்டு டிராகுலா அவன் கழுத்தைப் பிடிக்கப் பாய்கிறான்; கை சுரூபம் கோத்த மணிகளில் பட்டதும் வெறி அடங்குகிறது.

இன்று இதனை வாசிப்போருக்கு அந்தத் தருமசங்கடம் புரியாது. 1897இல் வாசித்தவர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கும். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829இல்தான் பெற்றார்கள். 1850இல் இங்கிலாந்தில் கத்தோலிக்க மறைமாவட்டங்கள் மீண்டும் நிறுவப்பட்டபோது தெருக்களில் எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. ஆங்கிலிக்கத் திருச்சபைக்குள்ளேயே கத்தோலிக்கச் சாயலுடன் வழிபாடு நடத்திய குருமாரை ஒடுக்குவதற்கென 1874இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அதன்கீழ் சில குருக்கள் சிறைக்கும் சென்றனர். பீடத்தில் மெழுகுதிரி ஏற்றுவது கூட வழக்குமன்றம் ஏறிய காலம் அது. அந்தக் காலத்து ஆங்கில இளைஞன் ஒருவனின் உயிரை, கத்தோலிக்க மணிமாலை காப்பாற்றுகிறது என்று ஒரு புரட்டஸ்தாந்து எழுத்தாளர் எழுதினார்.

சிலுவையோடு அவர் நின்றுவிடவில்லை. வான் ஹெல்சிங் நாவலில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் கத்தோலிக்க அறிஞர். சாகாப் பிணமாகிவிட்ட லூசியின் கல்லறைக் கதவை அடைப்பதற்கு, அவர் தம் பையிலிருந்து மெல்லிய வெண்ணிற அப்பத்தை எடுத்து, நொறுக்கி, சாந்துடன் பிசைந்து இடுக்குகளில் பூசுகிறார். என்ன அது என்று கேட்கப்பட்டதும், தொப்பியைக் கழற்றி வணக்கத்துடன் விடை கூறுகிறார்: நற்கருணை, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொண்டுவந்தேன், அதற்கான ‘இன்டல்ஜன்ஸ்’ பெற்றிருக்கிறேன் என்கிறார்.

ஒரு குருவானவர் இந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்காமல் இருக்க முடியாது. ‘இன்டல்ஜன்ஸ்’ என்பது நம் முன்னோர் ‘பலன்’ என்று அழைத்த அருள். பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும் எஞ்சி நிற்கும் தண்டனையைத் திருச்சபை நீக்குவது. அது எதையும் செய்ய அனுமதிக்கும் உத்தரவுப் பத்திரம் அன்று. அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைச் சாந்தில் பிசைய எந்த ஆயரும், எந்தப் பாப்பரசரும் அனுமதி வழங்கமாட்டார். அக்காலத்தில் பொதுநிலையினர் நற்கருணையைக் கையால் தொடுவதே வழக்கத்தில் இல்லை. கத்தோலிக்கர் சூழ வளர்ந்தும், ஸ்டோக்கர் நம் ஆலயத்தைக் கதவுக்கு வெளியே நின்றே பார்த்தார் என்பதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி.

ஆயினும் அவர் எதைக் கண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அப்பம் வெறும் அடையாளமன்று, அதில் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லையேல் அந்தக் காட்சிக்குப் பொருளே இல்லை. உடனிருந்த ஐயவாதியான வைத்தியர் செவாட்டும் அந்த வணக்கத்தின் முன் வாயடைத்துப்போகிறார். அதன்பின் கதை முழுவதும் நற்கருணையே நகர்த்துகிறது. டிராகுலா கொண்டுவந்த 50 மண்பெட்டிகளுள் 49இல் அப்பத்தை வைத்து அவனுக்கு உறைவிடம் இல்லாமற் செய்கிறார்கள். மினாவின் நெற்றியில் அப்பம் பட்டதும் சதை கருகித் தழும்பாகிறது. டிராகுலா மடியும்போது அந்தத் தழும்பு மறைகிறது.

இப்போது இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1896 செப்டம்பரில் பாப்பரசர் 13ஆம் லியோ, அதாவது நம் பெரியோர் சிங்கராயர் என்று அழைத்த லியோ, ஆங்கிலிக்கக் குருத்துவ அருட்பொழிவுகள் செல்லாதவை என அறிவித்தார். அந்தத் தீர்ப்பின்படி ஆங்கிலிக்கப் பீடத்து அப்பம் அப்பமாகவே இருக்கும். ஸ்டோக்கர் இதனை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் வாதிடவில்லை. அவர் குறிப்பெடுக்கத் தொடங்கியது 1890இல். ஆனால் எட்டு மாதம் கழித்து வெளிவந்த நாவலில், இலண்டனைக் காக்கும் நற்கருணை இலண்டனிலிருந்து வரவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பலேறி வருகிறது.

மற்ற ஆண்டு 1908. அவ்வாண்டு செப்டம்பரில் அனைத்துலக நற்கருணை மாநாடு இலண்டனில் கூடியது. பாப்பரசரின் பிரதிநிதியாகக் கர்தினால் வன்னுத்தெல்லி வந்திருந்தார். இறுதி நாளில் நற்கருணையை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பவனியாக எடுத்துச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. (மன்னர்கள் முடிசூடும் பழைய ஆலயம் வேறு, இது 1903இல் திறக்கப்பட்ட கத்தோலிக்கப் பேராலயம்.) எதிர்ப்பு எழுந்தது. 1829ஆம் ஆண்டுச் சட்டத்தில், கத்தோலிக்கக் குருக்கள் ஆலயத்துக்கு வெளியே சடங்கு நடத்துவதைத் தடுக்கும் பிரிவு இன்னும் இருந்தது. பிரதமர் ஆஸ்குவித் தலையிட்டார். பேராயர் போர்ண் இணங்கினார். பவனி நடந்தது, நற்கருணை இல்லாமல் நடந்தது. பேராலயத்தின் மாடத்திலிருந்து, கீழே கூடிநின்ற மக்களுக்கு நற்கருணை ஆசீர் அளிக்கப்பட்டது. அந்தச் சட்டப் பிரிவு நீங்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதையில் வான் ஹெல்சிங் தம் பையில் வைத்து இலண்டன் தெருக்களினூடே எடுத்துச் சென்ற அதே நற்கருணையை, பதினொரு ஆண்டுகள் கழித்து ஒரு கர்தினாலால் அதே தெருக்களில் எடுத்துச் செல்ல இயலவில்லை. கற்பனையில் அனுமதிக்கப்பட்டது, வீதியில் அனுமதிக்கப்படவில்லை.

இந்தப் பின்னணியோடு 1958ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரும்புவோம். அங்கே நற்கருணை இல்லை. அடியோடு இல்லை. நாவலில் அப்பம் செய்த வேலைகளைச் சிலுவை செய்கிறது. டிராகுலாவின் பெட்டிக்குள் வைக்கப்படுவது சிலுவை. லூசியின் நெற்றியைச் சுடுவது சிலுவை. மினாவின் நெற்றித் தழும்பு இங்கே உள்ளங்கைத் தழும்பாகிறது. அவள் கணவன் ஆர்தர் தந்த சிறு சிலுவை கையில் பட்டதும் அலறி விழுகிறாள்.

மூதாட்டியின் சுரூபமும் அதைப் பெறத் தயங்கிய ஆங்கில இளைஞனும் மறைந்துபோனார்கள். படத்தின் ஹார்க்கர் எல்லாம் அறிந்தே கோட்டைக்குச் செல்லும் வேட்டைக்காரன். நூலகர் வேலை ஒரு வேடம். கதை இங்கிலாந்துக்கு வருவதேயில்லை. விற்பியும் இல்லை, இலண்டனும் இல்லை. எல்லாரும் ஆங்கிலம் பேசும் ஏதோவொரு மத்திய ஐரோப்பிய நாட்டில், குதிரைவண்டித் தொலைவுக்குள் அனைத்தும் முடிந்துவிடுகிறது. எனவே புரட்டஸ்தாந்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் இடையிலான பழைய உரசலுக்கு அங்கே இடமில்லை.

வான் ஹெல்சிங்கும் மாறிவிட்டார். அவர் ஒலிப்பதிவுக் கருவியில் தம் குரலைப் பதிந்து, அதைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் விஞ்ஞானி. இரத்தக்காட்டேரி வௌவாலாகவும் ஓநாயாகவும் மாறும் என்பது தவறான நம்பிக்கை என்கிறார். அதற்கு இரையானவர்களின் நிலையைப் போதைப்பொருளுக்கு அடிமையானோரின் நிலையோடு ஒப்பிடுகிறார். சூரிய ஒளி, உள்ளிப்பூண்டு, சிலுவை என்று ஒரு மருந்துப் பட்டியல்போல் வரிசைப்படுத்துகிறார். சிலுவை அங்கே நன்மை தீமையை வெல்வதன் சின்னம். அதில் தொங்கியவரின் பெயர் சொல்லப்படுவதில்லை.

ஏன் இந்த மாற்றம்? என் எண்ணத்தில், கமராவுக்கு அப்பம் உதவாது என்பது ஒரு காரணம். வெண்ணிற வட்டம் ஒன்றைத் திரையில் காட்டினால், அது இன்னதென்று யாராவது விளக்க வேண்டும்; சிலுவைக்கு விளக்கம் வேண்டாம். 82 நிமிடப் படத்துக்கு அந்தச் சிக்கனம் பெரிது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: 1897இல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நற்கருணையை ஏற்றவருக்கும் அது தெரியும், வெறுத்தவருக்கும் தெரியும். பகைமை கூட ஒருவகை அறிவுதான். 1958ஆம் ஆண்டின் பிரித்தானியா கத்தோலிக்கரைப் பகைக்கவில்லை, நல்லது. அதனோடு சேர்ந்து, எதைப் பகைத்தோம் என்பதையும் மறந்துவிட்டது.

இதனால் படம் நாவலைவிடக் குறைந்தது என்று முடிவுகட்டலாமா? நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன், கடைசிக் காட்சி மட்டும் இல்லாதிருந்தால்.

கோட்டையின் நூலக மண்டபம். வான் ஹெல்சிங் தோற்கும் தறுவாயில் இருக்கிறார். நீண்ட மேசையின்மேல் ஏறி ஓடி, பாய்ந்து, சாளரத்தின் கனத்த திரைச்சீலையை இழுத்து வீழ்த்துகிறார். காலை ஒளி டிராகுலாவின் காலில் விழுகிறது. (சூரிய ஒளி அவனைக் கொல்லும் என்பது ஸ்டோக்கர் எழுதியதன்று, நாவலின் டிராகுலா பகலில் பிக்கடிலி வீதியில் நடப்பவன். அது 1922இல் ஜேர்மனியில் முர்னாவ் எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’ படத்தின் புதுமை.) அவன் நிழலுக்குள் ஊர்ந்து தப்ப முயல்கிறான். அப்போது வான் ஹெல்சிங் மேசையிலிருந்த இரண்டு மெழுகுதிரித் தண்டுகளைப் பற்றி, ஒன்றின் குறுக்கே ஒன்றை வைத்துச் சிலுவையாகப் பிடித்து, அவனை ஒளிக்குள் தள்ளுகிறார். டிராகுலா சாம்பலாகிறான். மோதிரம் மட்டும் எஞ்சுகிறது. மினாவின் உள்ளங்கைத் தழும்பு மறைகிறது.

அந்தத் திரித்தண்டுகள் கதாசிரியர் எழுதியவை அல்ல. எழுத்தில் இருந்தது, வான் ஹெல்சிங் சட்டைப்பையிலிருந்து இன்னொரு சிலுவையை எடுப்பதுதான். படம் நெடுகிலும் பையிலிருந்து சிலுவைகளாகவே எடுத்துக்கொண்டிருந்த குஷிங்குக்கு அது ஒப்பவில்லை. சிலுவை விற்கும் வியாபாரியைப்போல் இருக்கிறதென்று கருதி, தாம் முன்பொரு படத்தில் கண்ட உத்தியை நினைவுகூர்ந்து, திரித்தண்டுகளைப் பயன்படுத்தலாம் என்று யோசனை கூறினார்.

நடிப்பின் வசதிக்காக எடுக்கப்பட்ட முடிவு. ஆயினும் மறைக்கல்வி ஆசிரியனாக இதனை நான் கடந்துபோக முடியவில்லை. நற்கருணையில் ஆண்டவரின் பிரசன்னம், அதைச் சுமப்பவரின் தகுதியைப் பொறுத்ததன்று. அருளடையாளத்தின் உறுதி அது. சிலுவை அப்படியல்ல, அது ஓர் அடையாளம், அதைப் பிடிக்கிறவரின் விசுவாசத்தைக் கேட்டு நிற்பது. ஸ்டோக்கர் பிரசன்னத்தை அறிந்திருந்தும், அதைப் பூச்சுச் சாந்தாக்கிவிட்டார். படமோ பிரசன்னத்தை இழந்துவிட்டது. ஆனால் மந்திரிக்கப்படாத, ஆசீர்வதிக்கப்படாத இரண்டு பித்தளைத் தண்டுகளைக் காட்டி, ஆற்றல் உலோகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது.

புலம்பெயர்ந்து வந்த நம் குடும்பங்களின் வீடுகளை ஆசீர்வதிக்கச் செல்லும்போது, ஒவ்வொரு கதவிலும் சிலுவை அறையப்பட்டிருப்பதைச் சில இடங்களில் காண்கிறேன். பக்தி என்று மகிழ்வதற்குள், “இரவில் பயமாக இருக்கிறது ஃபாதர், இன்னும் ஒன்று வேண்டும்” என்று கேட்கிறார்கள். போரையும் கடலையும் கடந்து வந்தவர்களின் அச்சத்தை நான் எளிதாக எண்ணமாட்டேன். கேட்டதைக் கொடுத்துவிட்டு, அவர்களோடு அமர்ந்து ஒரு செபமாலை சொல்லிவிட்டே திரும்புகிறேன்.

தணிக்கைச் சபை அந்த இறுதிக் காட்சியில் கத்தரி வைத்தது. டிராகுலா தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொண்டு சிதையும் பகுதி பிரித்தானியப் பார்வையாளருக்குக் காட்டப்படவில்லை. மினாவை அவன் அணுகும் காட்சியும் குறைக்கப்பட்டது. வெட்டப்படாத பகுதிகள் டோக்கியோவில் இருந்த பிரதியில் எஞ்சியிருந்தன. 2011இல் கண்டெடுக்கப்பட்டு, சீரமைத்த படத்தில் சேர்க்கப்பட்டன.

ஹாமர் நிறுவனம் அதன்பின் எடுத்த தொடர்ப்படங்கள் பல. சில பார்க்கத் தகுதியற்றவை. 1960இல் வந்த படத்தில் வான் ஹெல்சிங் காற்றாலையின் இறக்கைகளைத் திருப்பி, நிலவொளியில் சிலுவையின் நிழலை நிலத்தில் வீழ்த்துகிறார். பொருள் போய் நிழல் மட்டுமே எஞ்சுகிறது. 1968இல் ஃபிரெடி ஃபிரான்சிஸ் இயக்கிய படமே இந்த வரிசையில் நம் கவனத்துக்குரியது. அதில் வரும் இளைஞன் போல் கடவுள் நம்பிக்கை அற்றவன். பெட்டியில் கிடக்கும் டிராகுலாவின் மார்பில் முளையை அறைந்துவிடுகிறான். செபம் சொல்ல வேண்டும் என்கிறார் உடனிருந்த குருவானவர். அவனால் முடியவில்லை. டிராகுலாவின் பிடியில் விசுவாசத்தை இழந்திருந்த அந்தக் குருவானவராலும் முடியவில்லை. டிராகுலா எழுந்து, முளையைத் தன் கையாலேயே பிடுங்கி எறிகிறான்.

முடிவில் அவன் கோட்டை மதிலிலிருந்து விழுந்து, நிமிர்ந்து நிற்கும் பெரிய சிலுவை ஒன்றில் செருகப்படுகிறான். அப்போதும் சாகவில்லை. விசுவாசம் திரும்பிய குருவானவர் தள்ளாடி எழுந்து, இலத்தீன் மொழியில் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லத் தொடங்குகிறார். நம் ஆலயங்களில் இலத்தீன் விடைபெற்றுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. செபம் முடிகிறது, சிலுவையில் ஒருவனும் இல்லை. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த போல், மெல்லக் கையை உயர்த்திச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறான்.